பிறருக்காக வேண்டும் வீடு: ஒரு பழைய கேள்வியும் அதற்கு வந்த விடைகளும்

கிறிஸ்தவ வீடுகளின் இரவு ஜெபத்துக்குப் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், பிறகு முழங்கால். நன்றி சொல்லி முடித்ததும் பெயர்கள் தொடங்கும். டயாலிசிஸுக்குப் போய்வரும் சித்தப்பா, வளைகுடாவில் வேலை பறிபோன மூத்த மகன், மறுபடியும் கரு கலைந்துபோன பக்கத்து வீட்டுப் பெண், சபைப் போதகர், முகம் பார்த்திராத ஒரு மிஷனெரி. கத்தோலிக்க வீடுகளில் இதே பெயர்கள் செபமாலையின் கருத்துகளாகச் சொல்லப்படுகின்றன. நடை மாறினாலும், பிறருக்காகக் கேட்பது இந்த நேரத்தின் நடுப்பகுதியாக இருக்கிறது.

இப்படி ஆண்டுக்கணக்கில் பெயர்களைச் சொல்லி வேண்டுவது என்ன செய்கிறது? யாரிடத்தில் செய்கிறது? கடவுள் கேட்டுச் செயல்படுகிறார் என்போர் ஒரு பக்கம். மாறுவது ஜெபிப்பவரின் மனம்தான் என்போர் இன்னொரு பக்கம். அளந்து பார்த்தோம், ஒன்றும் தென்படவில்லை என்போரும் உண்டு. இந்த விவாதங்களில் அதிகம் பேசப்படாத ஒருவர் அந்த அறையிலேயே இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு, பெரியவர்கள் சொல்லும் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைதான் அது. நீடித்த தாக்கம் என்று எதையாவது ஓரளவு நிதானத்தோடு பேச முடியுமானால், அந்தப் பிள்ளையிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதற்கு முன் மற்ற விடைகளையும் பார்த்துவிட வேண்டும்.

வேதாகமம் தரும் இருவேறு சாட்சி

யோபின் புத்தகம் ஒரு தகப்பனின் மன்றாட்டோடு தொடங்குகிறது. பிள்ளைகள் முறைவைத்து விருந்து செய்வார்கள். விருந்து நாட்கள் முடிந்ததும் யோபு அதிகாலையில் எழுந்து, அவர்கள் மனதுக்குள் பாவம் செய்திருக்கக்கூடுமே என்று, ஒவ்வொருவருக்காகவும் தகனபலி செலுத்துவார். அது அவருடைய வழக்கம். அதே அதிகாரத்தில் பெருங்காற்று அடித்து வீடு இடிந்து, அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நாளில் மடிகிறார்கள். புத்தகத்தின் கடைசியிலோ, தன்னைக் குற்றப்படுத்திய சிநேகிதருக்காக யோபு வேண்டுதல் செய்தபோது அவருடைய நிலைமை மாறுகிறது. சொந்தப் பிள்ளைகளுக்கான மன்றாட்டு அவர்களைக் காக்கவில்லை. புண்படுத்தியவர்களுக்கான மன்றாட்டு வேண்டியவரையே மீட்டது. இந்த இரண்டையும் ஒரே கதைக்குள் வைத்தவர், பிறருக்கான ஜெபத்தை யாரும் ஒரு காப்பீடாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கருதியிருக்கலாம்.

சுவிசேஷங்களில் இயேசுவிடம் சுகம் தேடி வந்தவர்களில் பலர் தங்களுக்காக வரவில்லை. யவீரு மகளுக்காக வருகிறான். கப்பர்நகூமிலிருந்த ராஜாவின் மனுஷன் மகனுக்காக வருகிறான். கானானிய ஸ்திரீ மகளுக்காகக் கூப்பிட்டுக்கொண்டே பின்தொடர்கிறாள். வலிப்பில் விழும் மகனின் தகப்பன், தன் அவிசுவாசத்துக்கும் சேர்த்து உதவி கேட்டு அழுகிறான். மார்த்தாளும் மரியாளும் சகோதரனுக்காக ஆளனுப்புகிறார்கள். இப்படிக் குடும்பத்தாருக்காகச் சுகம் கேட்டு வந்த இவர்களில் யாரும் கடைசியில் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஆனால் செபெதேயுவின் மனைவி தன் குமாரர் இருவருக்கும் ராஜ்யத்தில் வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் இடம் கேட்டபோது அந்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. பழைய ஏற்பாட்டில் தாவீது ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசித்தும் பத்சேபாள் பெற்ற பிள்ளை பிழைக்கவில்லை.

பின்வந்த பிரசங்க மரபு யவீருவையும் கானானிய ஸ்திரீயையும் அடிக்கடி நினைவுகூர்கிறது. பிள்ளைகளுக்காக வேண்டிய யோபையும் தரையில் கிடந்த தாவீதையும் அந்த அளவுக்கு நினைவுகூர்வதில்லை. வேதாகமத்தின் இந்த இரண்டாம் சாட்சி கைவிடப்பட்ட இடங்களில்தான், கேட்டது கிடைக்காத குடும்பங்கள் தங்கள் விசுவாசத்தையே குறைசொல்லிக்கொள்ளும் நிலை உருவாகிறது.

மோனிக்கா என்னும் முன்மாதிரி

இந்தக் கேள்வியின் வரலாற்றில் மோனிக்காவுக்கு உள்ள இடம் வேறெந்தத் தாய்க்கும் இல்லை. இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே ஊரில் 354இல் பிறந்த அவருடைய மகன் அகஸ்தீன், இளம்வயதில் மானிக்கேய மதத்தில் சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அதில் இருந்தார். மகனிடம் பேசித் திருத்தும்படி மோனிக்கா ஓர் ஆயரைக் கெஞ்சுகிறார். அவர் மறுத்து, அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் செய் என்கிறார். மோனிக்கா அழுகையை நிறுத்தாததால், இவ்வளவு கண்ணீர் வடித்தவளின் பிள்ளை கெட்டுப்போக முடியாது என்ற பொருளில், சற்றுச் சலிப்போடுதான், ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். பதினாறு நூற்றாண்டுகளாகத் தாய்மாருக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டுவரும் வாக்கு அது.

அகஸ்தீனின் தன்வரலாற்றில் இதைவிட ஆழமான காட்சி ஒன்று இருக்கிறது. 383இல் அவர் கார்த்தேஜிலிருந்து ரோமுக்குக் கப்பலேறத் தீர்மானிக்கிறார். தாய் விடமாட்டார் என்று தெரிந்து, நண்பனை வழியனுப்பப் போகிறேன் என்று பொய் சொல்லி, துறைமுகத்துக்கு அருகே புனித சிப்பிரியானின் நினைவுக் கோயிலில் அவரைத் தங்கவைக்கிறார். மகன் கடல் கடந்து போய்விடக் கூடாது என்று தாய் இரவு முழுக்க உள்ளே ஜெபித்துக்கொண்டிருக்க, மகன் கப்பலில் போய்விடுகிறார். விடிந்ததும் தாய் கரையில் நின்று கதறுகிறார். அந்தப் பயணம்தான் அகஸ்தீனை மிலான் நகருக்கும் ஆயர் அம்புரோசிடமும் கொண்டுசேர்த்து, 387இல் திருமுழுக்கில் முடிந்தது. அன்றிரவு அவள் கேட்டதைக் கடவுள் தரவில்லை, எப்போதும் அவள் கேட்டுவந்ததைத் தருவதற்காகவே அன்று மறுத்தார் என்று அகஸ்தீன் பின்னாளில் விளக்கினார். கேட்கப்படாத ஜெபத்துக்குக் கிறிஸ்தவ உலகம் தந்த விளக்கங்களில் இன்றுவரை வலுவாக நிற்பவற்றில் இது ஒன்று.

மன்றாட்டு அங்கேயே திசை திரும்பவும் செய்கிறது. அதே 387இல் ஒஸ்தியாவில் மோனிக்கா இறக்கிறார். தன் உடலை எங்கே அடக்கம் செய்தாலும் சரி, பலிபீடத்தில் தன்னை நினைத்தால் போதும் என்பது அவருடைய கடைசி விருப்பம். அகஸ்தீன் தாய்க்காக ஜெபிக்கிறார். தன் நூலைப் படிப்பவர்களும் மோனிக்காவையும் தகப்பன் பத்ரீசியுவையும் ஜெபத்தில் நினைக்க வேண்டும் என்று கேட்கிறார். கத்தோலிக்கக் குடும்பங்கள் இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும், நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளைக் கழுவிப் பூவைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அந்தப் பழைய மரபின் தொடர்ச்சியே. சீர்திருத்த சபைகளில் உத்தரிக்கிற ஸ்தலக் கோட்பாட்டோடு இந்த வழக்கமும் பெரும்பாலும் விடப்பட்டது. அங்கே பட்டியலில் ஒரு பெயர் மரணத்தோடு நின்றுவிடுகிறது.

இந்த முன்மாதிரிக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. மோனிக்காவின் ஜெபத்தை நாம் அறிவது திரும்பி வந்த மகன் எழுதியதால்தான். அதே ஆண்டுகளில் அதே கண்ணீரோடு வேண்டி, மகன் திரும்பாமலே இறந்த தாய்மார் எழுத்தில் இல்லை. மற்றது சற்றுச் சங்கடமானது. மகனுக்காக அழுத மோனிக்காதான் மிலானில் அவருக்கு வசதியான குடும்பத்தில் பெண் பார்த்தவர். அந்தச் சம்பந்தத்துக்காக, பல ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றுத் தந்த பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அகஸ்தீன் எழுதவில்லை. ஜெபித்த கரமே குடும்பத்தின் ஏற்பாடுகளையும் செய்தது. ஜெபம் எங்கே முடிந்தது, பெற்றோரின் வற்புறுத்தல் எங்கே தொடங்கியது என்று அந்த வீட்டில் எளிதாகப் பிரிக்க முடியாது.

கேட்கும்வரை கடவுள் ஏன் காத்திருக்க வேண்டும்?

இறையியலாளரை உறுத்திய கேள்வி வேறு. எல்லாம் அறிந்தவர், நல்லவர் என்றால், சித்தப்பாவின் சிறுநீரகம் பற்றி அவரிடம் சொல்ல என்ன இருக்கிறது? மூன்றாம் நூற்றாண்டில், 233 வாக்கில், ஓரிகன் ஜெபத்தைப் பற்றிய தம் நூலை எழுதியபோதே அம்புரோசு (மிலான் ஆயர் அல்ல), தத்தியானா என்ற இருவர் இந்த ஆட்சேபத்தை அவர்முன் வைத்திருந்தார்கள். மனிதர் தம் விருப்பப்படி ஜெபிக்கப்போவதையும் கடவுள் முன்னறிந்தே தம் ஏற்பாட்டை வகுக்கிறார் என்பது ஓரிகனின் விடை. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் அதைக் கூர்மையாக்கினார். ஜெபம் கடவுளின் தீர்மானத்தை மாற்றுவதில்லை. எது ஜெபத்தின் வழியாக நடக்க வேண்டுமென்று அவர் வகுத்தாரோ அதற்கான வழியாக ஜெபம் நிற்கிறது என்றார். கால்வினோ கடவுளுக்கு நினைவூட்டுவதற்காக அல்ல, நம்மை எழுப்பி அவரைத் தேடவைப்பதற்காகவே ஜெபம் கட்டளையிடப்பட்டது என்று அழுத்தினார்.

தனக்காகக் கேட்பதற்கு இந்த விடைகள் ஓரளவு போதும். பிறருக்காகக் கேட்பதில் சிக்கல் கூடுகிறது. ஜெபிக்க ஆளில்லாத அநாதைக்குக் கடவுள் குறைவாகத் தருவாரா? ஒருவருடைய நன்மை, அவருக்காக வேண்டும் தாய் இருக்கிறாளா இல்லையா என்பதைப் பொறுத்து அமைவது நீதியா? அமெரிக்க மெய்யியலாளர் எலியனோர் ஸ்டம்ப் 1979இல் எழுதிய கட்டுரையில் மோனிக்காவையே எடுத்துக்கொண்டு இதை ஆராய்ந்தார். அகஸ்தீனின் மீட்பே தாயின் ஜெபத்தைச் சார்ந்திருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை; அது நடந்த காலமும் விதமும் அதைச் சார்ந்திருக்கலாம் என்பது அவருடைய வாதத்தின் ஒரு பகுதி. நியாயமான, அடக்கமான விடை. ஆனால் நோயுற்ற குழந்தைக்காக ஜெபிக்கும் வீட்டுக்கு, காலமும் விதமும்தான் எல்லாமே. அங்கே இந்த விடை போதாமல் போகிறது.

அக்குவினாஸின் இன்னொரு குறிப்பு குடும்பங்களுக்கு அதிகம் உதவக்கூடியது. தவறாமல் கேட்கப்படும் ஜெபத்துக்கு அவர் வைத்த நிபந்தனைகளில், அது ஒருவர் தமக்காகவே செய்வதாக இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. பிறருக்காக எவ்வளவு பக்தியோடு வேண்டினாலும், அந்த மற்றவர் இடத்தில் ஒரு தடை இருக்கலாம் என்றார். மகன் திரும்பாததற்குத் தாயின் ஜெபக் குறைவே காரணம் என்று யாராவது சொன்னால், அக்குவினாஸைக் காட்டி மறுக்கலாம். மகனுக்கென்று ஒரு சித்தம் உண்டு என்பதை அவர் தாயின் கண்ணீருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள்

1872இல் பிரான்சிஸ் கால்டன் இந்தக் கேள்வியைப் புள்ளிவிவரத்துக்குள் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் ஆலயங்களில் வாராவாரம் அரச குடும்பத்தின் நீடித்த ஆயுளுக்காக வேண்டப்படுகிறது. ஆனால் வசதியான வகுப்பாரில் அரசர்களே குறைந்த வயதில் இறக்கிறார்கள் என்று காட்டினார். குடும்பங்களைத் தொடும் ஒப்பீடும் அதில் இருந்தது. குருமார் அதிகம் படிக்கும் ஒரு செய்தித்தாளிலும் பொதுச் செய்தித்தாளிலும் வந்த, இறந்து பிறந்த குழந்தைகளின் அறிவிப்புகளை எண்ணிப் பார்த்து, பக்தியுள்ள வீடுகளுக்கு இதில் எந்தச் சலுகையும் தெரியவில்லை என்றார்.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது மருத்துவமனைச் சோதனையாக வளர்ந்தது. 1988இல் ராண்டால்ஃப் பேர்ட் சான்பிரான்சிஸ்கோவில் 393 இதய நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வும், 1999இல் வில்லியம் ஹாரிஸ் குழுவினர் கான்சாஸ் சிட்டியில் 990 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வும் சிறு நன்மை தெரிவதாகச் சொல்லின; முறையியலில் கடுமையான விமர்சனங்களையும் சந்தித்தன. 2006இல் ஹெர்பர்ட் பென்சன் குழு ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை ஆராய்ந்தது. ஜெபம் உண்டா இல்லையா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டோரில் 52 சதவீதத்தினருக்கும் ஜெபிக்கப்படாதோரில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. தமக்காக ஜெபிக்கப்படுகிறது என்று உறுதியாக அறிந்தவர்களிலோ 59 சதவீதம். 2009இல் பத்து ஆய்வுகளை, 7,646 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் தெளிவான பலன் எதையும் காணவில்லை. இத்தகைய சோதனைகளுக்கு இனிப் பணம் செலவிட வேண்டாம் என்ற தொனியில் அது முடிந்தது.

இந்த முடிவுகளை விசுவாசிகள் ஒதுக்கிவிடக் கூடாது. தூரத்திலிருந்து முன்பின் அறியாதவர் ஜெபித்தால் நோயாளி தேறுவார் என்ற எளிய கூற்றுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதை நேர்மையாக ஏற்க வேண்டும். ஆனால் சோதிக்கப்பட்டது எது என்பதையும் கவனிக்க வேண்டும். பென்சன் ஆய்வில் ஜெபித்தவர்களுக்குத் தரப்பட்டவை நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டுமே; பதினான்கு நாள் வேண்டும்படி கேட்கப்பட்டார்கள். நோயாளிகளின் சொந்த வீட்டாரை ஜெபிக்காதிருக்கும்படி யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. ஒரு மனைவி முப்பது ஆண்டு ஒரே மனிதனுக்காக வேண்டுவதை இந்தக் கருவிகள் தொடவே இல்லை. அதனால் அந்த ஜெபம் பலித்தது என்று நிரூபணமாகிவிடாது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

முழங்காலில் இருப்பவர்

ஜெபத்தின் பலன் ஜெபிப்பவரிடத்திலேயே என்ற நிலைப்பாட்டுக்கு நவீன வடிவம் தந்தவர்களில் கான்ட் முக்கியமானவர். 1793இல் எழுதிய சமய நூலில், கடவுளிடம் விருப்பங்களை அறிவிப்பதாகக் கருதும் ஜெபத்தை மூடநம்பிக்கையின் பக்கம் தள்ளி, நல்வாழ்வுக்கான மன உறுதியை மட்டும் ஜெபத்தின் சாரமாக வைத்துக்கொண்டார். கீர்கெகார்ட் அதைப் பக்தியின் மொழியில் வைத்தார். 1847இல் அவர் எழுதியதன்படி, ஜெபம் மாற்றுவது கடவுளை அல்ல, ஜெபிக்கிறவரை. 1965இல் வேல்ஸ் மெய்யியலாளர் டி.இசட். பிலிப்ஸ், பிள்ளைக்காக வேண்டும் பெற்றோர் உண்மையில் தங்கள் சார்பு நிலையையும் அச்சத்தையும் கடவுள்முன் வைக்கிறார்கள் என்று விளக்கினார்.

உளவியல் ஆய்வுகள் இந்தப் பக்கத்துக்குச் சில ஆதாரங்களைச் சேர்த்துள்ளன. நத்தானியேல் லாம்பர்ட், பிராங்க் பிஞ்சம் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வுகளில், நான்கு வாரம் நாள்தோறும் தம் துணைக்காகவோ நண்பருக்காகவோ ஜெபித்தவர்களிடம் மன்னிக்கும் மனமும் உறவில் உண்மையாயிருக்கும் போக்கும் ஒப்பீட்டுக் குழுக்களைவிடக் கூடியிருந்தன. ஏற்கெனவே 1998இல் மார்க் பட்லர் குழு, பக்தியுள்ள தம்பதிகளை நேர்கண்டு, சண்டையின் நடுவில் ஜெபிப்பது கோபத்தைத் தணித்துத் தன் பங்கைப் பார்க்கவைக்கிறது என்று பதிவுசெய்தது. ஒருவரின் பெயரைச் சொல்லி அவருக்கு நன்மை கேட்டுக்கொண்டே அவர்மேல் வன்மம் வளர்ப்பது கடினம். அனுபவமுள்ள எந்த மாமியாரும் மருமகளும் இதைச் சொல்வார்கள்.

இவற்றுக்கு வரம்புகள் உண்டு. பங்கேற்றவர்களில் பலர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். நான்கு வாரம் என்பது ஒரு குடும்ப வாழ்வில் எதுவுமில்லை. கொள்கை அளவிலும் ஒரு குறை இருக்கிறது. ஐசியூ வாசலில் நிற்கும் தகப்பனிடம், நீங்கள் உங்கள் சார்பு நிலையை வெளிப்படுத்துகிறீர்கள் என்றால், அவர் தம் ஜெபத்தை அந்த விளக்கத்தில் அடையாளம் காணமாட்டார். அவர் மகன் பிழைக்க வேண்டும் என்று கேட்கிறார். யாரோ கேட்கிறார் என்ற நம்பிக்கையை நீக்கிவிட்டு அதன் மன விளைவுகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது நடைமுறையில் ஓடுமா என்பது ஐயமே. தன்னை மாற்றிக்கொள்வதற்காகவே பிறருக்காக ஜெபிப்பவர், பிறருக்காக ஜெபிப்பதை நிறுத்திவிட்டவர் ஆகிறார்.

கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை

ஸ்காட்லாந்தின் தார்தார்வால்ட் கிராமத்தில் ஒரு கூரை வீடு. ஒரு முனையில் சமையலும் படுக்கையும். மறுமுனையில் தகப்பன் காலுறை நெய்யும் தறிகள். நடுவில் ஒரு கட்டிலும் சிறு மேசையும் நாற்காலியும் மட்டும் கொள்ளும் குறுகிய அறை. பின்னாளில் நியூ ஹெப்ரிடிஸ் தீவுகளுக்கு மிஷனெரியாகப் போன ஜான் பேட்டன் (1824–1907) வளர்ந்த வீடு அது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் தகப்பன் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளிருந்து கெஞ்சுவதுபோல் மெல்லிய குரல் கேட்கும். பதினொரு பிள்ளைகளும் அந்தக் கதவைக் கடக்கும்போது நுனிக்காலில் நடப்பார்கள். யாரும் அவர்களுக்கு அதை விளக்கவில்லை. 1889இல் வெளிவரத் தொடங்கிய தன்வரலாற்றில், மற்ற எல்லா நம்பிக்கைக் காரணங்களும் தன்னைவிட்டுப் போனாலும் அந்த அறையும் அந்தக் குரலும் தன்னை மறுபடி நிலைநிறுத்தும் என்று பேட்டன் எழுதினார்.

இங்கே நடந்ததை முன்சொன்ன எந்த நிலைப்பாடும் முழுதாக விளக்குவதில்லை. ஜெபம் கேட்கப்பட்டதா என்பது பிள்ளைக்குத் தெரியாது. தகப்பன் மாறினாரா என்பதும் தெரியாது. தனக்கு மேலே இருக்கும் பெரியவர் தமக்கும் மேலே ஒருவர்முன் நின்று, மற்றவர்களுக்காகக் கெஞ்சுகிறார் என்பதை அது கேட்டது. அதிகாரமுள்ளவர் இரந்து நிற்கும் காட்சி பிள்ளையின் மனதில் எதைச் செய்கிறது என்பது தனியாக ஆராயத்தக்கது.

சூசன்னா வெஸ்லி (1669–1742) வேறொரு வழியைக் காட்டுகிறார். பத்தொன்பது பிள்ளை பெற்று ஒன்பதைப் பறிகொடுத்தவர். எப்வொர்த் குருமனையில் வாரத்தின் ஒவ்வொரு மாலையையும் ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கி, அதனோடு தனியே அமர்ந்து அதன் ஆத்துமத்தைப் பற்றிப் பேசினார். மகன் ஜானுக்கு வியாழக்கிழமை. ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் முப்பதை நெருங்கும் வயதிலும், அந்த வியாழன் மாலை நேரத்தில் கொஞ்சத்தை இப்போது தனக்காகச் செலவிட முடியுமா என்று தாய்க்கு எழுதிக் கேட்டார்.

இனி இரண்டு வீடுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஹட்சன் டெய்லர் 1832இல் யார்க்ஷயரின் பார்ன்ஸ்லியில் பிறப்பதற்கு முன்பே, பிறக்கும் பிள்ளை ஆணானால் சீனாவில் ஊழியம் செய்ய வேண்டும் என்று பெற்றோர் வேண்டியிருந்தார்கள். 1849இல், பதினேழு வயதில், அவர் தகப்பனின் புத்தகங்களுக்கு நடுவே ஒரு கைப்பிரதியை எடுத்துப் படித்து மனந்திரும்பிய அதே பிற்பகலில், வெகுதூரத்திலிருந்த தாய் அறையைப் பூட்டிக்கொண்டு அவருக்காக மன்றாடியதாக அவரே எழுதியுள்ளார். தங்கை அமீலியாவும் ஒரு மாதமாக அவருக்காக வேண்டிவந்தாள். இக்கதை மிஷனெரி வாசிப்பில் மிகவும் பரவியது. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் இன்னொரு விவரம். பிறப்புக்கு முந்தைய அந்த வேண்டுதலைப் பெற்றோர் மகனிடம் சொல்லவே இல்லை. சீனாவில் ஊழியம் செய்து 1860இல் திரும்பிய பிறகுதான் டெய்லருக்கு அது தெரியவந்தது.

எட்மண்ட் காஸ் 1849இல் லண்டனில், பிரதரன் சபையைச் சேர்ந்த அதே அளவு பக்தியுள்ள பெற்றோருக்குப் பிறந்தார். தகப்பன் பிலிப் ஹென்றி காஸ் பெயர்பெற்ற உயிரியலாளர். கைக்குழந்தையாகவே எட்மண்ட் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டார். 1857இல் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த தாய் அந்த ஒப்புக்கொடுத்தலைத் தகப்பனுக்கு மீண்டும் நினைவூட்டினார். மகனுக்கு அது என்றுமே மறைக்கப்படவில்லை. அவருடைய ஒவ்வொரு செயலும் அதை வைத்தே அளக்கப்பட்டது. ஒரு விருந்துக்கு அழைப்பு வந்தபோது, போகலாமா என்று கர்த்தரிடம் கேட்கும்படி தகப்பன் சொன்னார். இருவரும் முழங்காலிட்டார்கள். வேண்டாம் என்றுதான் பதில் வரும் என்று தகப்பன் நம்பியிருக்க, போகலாம் என்று கர்த்தர் சொல்கிறார் என்று சிறுவன் அறிவித்துவிட்டான். 1907இல் வெளிவந்த அவருடைய நூல், அந்த வீட்டு விசுவாசத்திலிருந்து அவர் வெளியேறிய கதை. தகப்பனின் அன்பை அவர் கடைசிவரை மறுக்கவில்லை.

இரண்டு வாழ்வுகளை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. குணம், நகரம், தாயின் மரணம் என்று எத்தனையோ வேறுபாடுகள் இருவருக்கும் இடையில் உண்டு. ஆனாலும், தற்செயலாகக் கேட்ட ஜெபமும், முகத்துக்கு நேரே அறிவிக்கப்பட்ட ஜெபமும் ஒன்றல்ல என்று ஐயப்பட இவை இடம் தருகின்றன. ஒன்றில் பிள்ளை சாட்சி. மற்றதில் பிள்ளையே வழக்கு.

நீண்டகால ஆய்வுகளில் இதற்கு அருகில் வருவது வெர்ன் பெங்ட்சனுடையது. தெற்குக் கலிபோர்னியாவில் 1970இல் தொடங்கி 350க்கு மேற்பட்ட குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த அவருடைய குழு, 2013இல் வெளியிட்ட நூலில் சமயம் கைமாறும் விதத்தை விவரித்தது. பெற்றோரின் பக்தி மட்டும் போதவில்லை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும், குறிப்பாகத் தகப்பனுக்கும், இடையே இருந்த நெருக்கமே பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. தாத்தா பாட்டியின் பங்கும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது. ஜெபிக்கும் குடும்பம் சிதறாது என்ற கருத்தை 1940களில் அமெரிக்க வானொலி வழியாகப் பரப்பிய ஐரிஷ் குரு பாட்ரிக் பெய்டனின் நம்பிக்கைக்கு இது பாதி ஆதரவும் பாதி எச்சரிக்கையும் ஆகும். அன்பு குளிர்ந்த வீட்டில் ஜெபம் மட்டும் சூடாக இருந்தால் பிள்ளை அதை நம்புவதில்லை.

பெங்ட்சனின் ஆய்வு அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றியது. கூட்டுக் குடும்பத்தின் எச்சமாக ஆச்சியின் ஜெபம் இன்னும் கேட்கும் திருநெல்வேலி, கன்னியாகுமரி வீடுகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இந்தப் பகுதிகளில் பட்டியலின் எல்லை வீட்டைத் தாண்டியும் விரிந்தது. தமிழக இளைஞரின் ஜெபக் குழுக்களிலிருந்து வளர்ந்த பிரண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட் போன்ற இயக்கங்கள், வட இந்தியாவின் முன்பின் தெரியாத பழங்குடி மக்களின் பெயர்களைத் தமிழ் வீடுகளின் ஜெபத்துக்குள் கொண்டுவந்தன. பூகோளப் பாடத்துக்கு முன்பே அந்த ஊர்ப் பெயர்களை முழங்காலில் கேட்ட பிள்ளைகள் உண்டு.

மன்றாட்டு பாரமாகும் இடம்

சேதமும் இந்த வழக்கத்தால் நேர்கிறது; அதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமையாகாது. பட்லரும் ஜேம்ஸ் ஹார்ப்பரும் 1994லேயே, தம்பதியர் சண்டையில் கடவுளைத் தம் கட்சிக்கு இழுத்துக்கொள்ளும் போக்கைக் குடும்ப சிகிச்சையின் கோணத்தில் விவரித்தார்கள். எல்லாரும் கேட்க, குடிக்கும் கணவனைக் கர்த்தர் திருத்த வேண்டும் என்று உரத்து வேண்டும்போது அது அவனிடம் பேசும் பேச்சாகவும் ஆகிவிடுகிறது. காதலித்த மகளின் பெயர் ஒவ்வொரு இரவும் கண்ணீரோடு சொல்லப்படும்போது அவளுக்குப் பதில் பேச இடமில்லை. ஜெபத்தின் நடுவில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பமாகச் சொன்ன வீட்டு ரகசியம் மறுநாள் தெருவில் கேட்பதும் சபைகள் அறிந்ததே.

இவை எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. அடிபடும் மனைவியிடம், பொறுத்துக்கொண்டு அவருக்காக ஜெபி என்று மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்புவது. மோனிக்காவின் கதையும் இதற்கு வழக்கமாக எடுத்தாளப்படுகிறது. அடிவாங்கிய தழும்போடு வந்து புலம்பிய பெண்களுக்கு அவர் பணிந்துபோகும்படி புத்தி சொன்னதாக மகனே எழுதியிருக்கிறார். பிறருக்கான ஜெபத்தை மதிக்கும் எவரும் இந்தப் பயன்பாட்டைக் கண்டிப்பாக மறுக்க வேண்டும். காவல் நிலையமும் பாதுகாப்பான வீடும் தேவைப்படும் இடத்தில் ஜெபத்தை அவற்றுக்கு மாற்றாக வைப்பது, அவளுக்குச் செய்யும் அநீதி.

விடை காணாதவை

கடவுள் கேட்டாரா என்பதை ஆய்வு தீர்த்துவைக்காது. அந்தக் கேள்வி விசுவாசத்தின் எல்லைக்குள் இருக்கிறது, அங்கேயே இருப்பது நல்லது. ஜெபிப்பவரிடம் நேரும் மாற்றத்துக்கு மிதமான ஆதாரம் இருக்கிறது. அது பத்தாண்டு, இருபதாண்டு நிலைக்கிறதா என்பதற்கு நீண்ட ஆய்வு தேவை. பிள்ளைகளைப் பற்றி நமக்கு அதிகம் கிடைப்பது தன்வரலாறுகளே. அவற்றை எழுதியவர்கள் பேட்டனைப் போல நிலைத்தவர்கள், அல்லது காஸைப் போல எழுத்தாற்றலோடு வெளியேறியவர்கள். சத்தமில்லாமல் விலகிப்போய், வீட்டில் தன் பெயர் இன்னும் சொல்லப்படுகிறது என்று மட்டும் அறிந்திருப்போரிடம் யாராவது போய்க் கேட்க வேண்டும். அது அவர்களுக்குப் பற்றுக்கோடா, சுமையா, இரண்டும் கலந்ததா?

வாழ்க்கைமுறை மாறியதால் எழும் கேள்விகளும் உண்டு. பிள்ளைகள் பெங்களூரிலும் டொரன்டோவிலும் இருக்க, இரவு ஜெபம் வீடியோ அழைப்பில் நடக்கிறது. திரையில் வரும் ஜெபத்தில் எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்க்கிறார்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்கும் பிள்ளை அங்கே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் வரும் விண்ணப்பத்துக்குக் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பிவிட்டு நகரும்போது பெயர் வாயால் சொல்லப்படுகிறதா? பெயரை வாய்விட்டுச் சொல்வதும் அதை ஒரு குழந்தை கேட்பதும்தான் இந்த வழக்கத்தின் உயிர் என்றால், குடும்பங்களோடு சபைகளும் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. பெயர், கேட்கும் பிள்ளை இரண்டும் விடுபட்டும் அதே தாக்கம் தொடர்கிறதா என்பதை, இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் பெரியவர்களாகி எழுதும் வரை உறுதியாகச் சொல்வதற்கில்லை.